காங்கேசன்துறையில் கப்பலுக்கு முந்திய இரவு

துறைமுகம் என்றதும் நமது எண்ணத்தில் முதலில் வருவது கப்பல்தான். சரித்திரம் எழுதுவோரும் எந்த ஆண்டில் எந்தக் கப்பல் வந்தது, எவ்வளவு சரக்கு இறங்கியது என்றே எழுதிச் செல்கின்றனர். கப்பல் ஏற வந்த பிரயாணி அதற்கு முந்திய இரவை எங்கே கழித்தான் என்பதைக் குறித்து வைப்போர் அரிது. காங்கேசன்துறையின் கதையை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

இத்துறையின் பெயரே கடல் வழியாக வந்தது என்பது மரபு. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடித் தன் குதிரை முகம் நீங்கப் பெற்றாள்; நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்தாள்; அக்கோயிலுக்கான காங்கேயன் விக்கிரகம் வந்திறங்கியதால் கயாத்துறை என வழங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று என்பர். வரலாற்றாசிரியர் இதை எவ்வாறு மதிப்பிடினும், அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையிலான போக்குவரத்து மிகப் பழையது என்ற நினைவு இக்கதையில் உறைந்திருக்கிறது.

பாய்மரத் தோணிகளின் காலத்தில் பிரயாண நாளைத் தீர்மானித்தது காற்று. சோழகம் வீசும் காலத்துக்கு ஒரு கணக்கு, வாடை வீசும் காலத்துக்கு இன்னொரு கணக்கு. இன்று இல்லையெனில் நாளை, நாளை இல்லையெனில் மறுநாள் என்று கரையிலேயே காத்திருக்க வேண்டும். அக்காலத்து யாழ்ப்பாணத்தவர் இத்தகைய தங்கலுக்காகக் கண்ட ஏற்பாடு மடம். கீரிமலையில் சிறாப்பர் மடம் முதலிய மடங்கள் யாத்திரிகர்க்கும் பிதிர்க்கடன் செய்ய வந்தோருக்கும் நிழல் தந்தன. தோணிக்குக் காத்திருந்தவனுக்கு மட்டும் அவற்றின் திண்ணை மறுக்கப்பட்டிருக்குமா?

பின்னர் புகையிரதம் வந்தது. வடபகுதிப் பாதை கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வளர்ந்தது என்று பலரும் எண்ணுவதுண்டு. உண்மையில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியே 1902 மார்ச்சில் முதலில் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து வந்த பாதை அதனுடன் இணைந்து, 1905 ஓகஸ்டில் கொழும்பிலிருந்து நேரடிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1893 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடும், கடலை எட்டிப் பார்க்கும் தண்டவாளமும் இருந்தும் இந்தியப் பயணம் இத்துறைக்குக் கிட்டவில்லை. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், இந்தியா செல்லும் யாழ்ப்பாணத்தவரும் மதவாச்சிச் சந்தியில் வண்டி மாறித் தலைமன்னார் சென்றனர்.

ஆயினும் காங்கேசன்துறை வளர்ந்தது. 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது அதன் கடைசித் தரிப்பிடம் இதுவே. வாடிவீடும் கடைத்தெருவும் தொழிலாளர் குடியிருப்புகளும் கொண்ட ஒரு முழு ஊர் இங்கே இருந்தது. தந்தை செல்வா நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்திய தொகுதியின் பெயரும் காங்கேசன்துறைதான். வந்தவன் தங்குவதற்கு இடம் இருந்தது. அவனை ஏற்றிச் செல்லப் பிரயாணிகள் கப்பல்தான் இல்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. 1996 இல் குடாநாடு இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின்னர், தரைவழிப் பாதை மூடப்பட்டிருந்த நிலையில், காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையே கப்பல்கள் பொதுமக்களை ஏற்றிச் சென்றன. 'லங்கா முதித', 'சிற்றி ஒப் ரிங்கோ' ஆகிய பெயர்கள் அக்காலத்துப் பிரயாணிகளுக்கு மறந்திரா. 1998 செப்டம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து அதிலிருந்த 55 பேரும் மாண்ட பின்னர், கப்பலை நம்பியிருந்தோர் தொகை மேலும் கூடியது.

இங்கேதான் இவ்வூரின் வரலாற்றில் உள்ள கொடிய முரண்பாட்டைக் காண்கிறேன். ஊர் இருந்த காலத்தில் பிரயாணிகள் கப்பல் இல்லை. பிரயாணிகள் கப்பல் வந்தபோது ஊர் இல்லை. வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்கள் தம் சொந்த மண்ணின் ஊடாகப் பேருந்தில் அழைத்துச் செல்லப்பட்டனர். இறங்கிப் பார்க்க அனுமதி இல்லை. யன்னல் வழியே தெரிந்த கூரையற்ற சுவர்களில் தமது வீடு எது என்று தேடியவர்கள் பலர். நான் இதை அவர்கள் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். கப்பலை விட அந்தப் பேருந்துப் பயணத்தைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசினர்.

அந்நாட்களில் பிரயாணத்தைத் தீர்மானித்தது காற்றன்று, அனுமதி. "கிளியரன்ஸ் கிடைச்சுதோ?" என்பதே குசல விசாரிப்பாக இருந்தது. அனுமதி கிடைத்த பின்னரும் கப்பல் என்று வரும் என்பது நிச்சயமில்லை. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனும், வெளிநாட்டிலுள்ள மாப்பிள்ளையைத் தேடிச் செல்லும் மணப்பெண்ணும், வைத்தியத்துக்குச் செல்லும் முதியவரும் பயணப் பொதியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தனர். கொழும்பு உறவினருக்கென்று கட்டிய ஒடியலும் பனாட்டும் சோதனையில் ஒருமுறை அவிழும். பொதி மீண்டும் பழையபடி கட்டுப்படாது.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் கப்பலை மறந்தோம். 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் மோதல் வெடித்துப் பாதை மூடப்பட்டதும் அதே காத்திருப்பு மீண்டது. இம்முறை வந்த 'கிறீன் ஓஷன்' என்ற கப்பலையே, 2009 இல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு வன்னிக் கரையிலிருந்து காயமடைந்தோரை மீட்கவும் பயன்படுத்தியது.

போர் முடிந்த பின்னர் இந்திய உதவியுடன் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பற் சிதைவுகள் அகற்றப்பட்டன. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையைத் தொட்டது. 2023 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுடன் வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 14 இல் நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' வந்தது. இரு துறைகளுக்கும் இடையே சுமார் 60 கடல் மைல். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சில நாட்களிலேயே வடகீழ்ப் பருவக்காற்றைக் காரணம் காட்டிச் சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. பருவக்காலத்தில் நின்று 2025 பெப்ரவரியில் மறுபடி ஆரம்பமாயிற்று. இயந்திரக் கப்பலின் காலத்திலும் வாடைக்காற்றின் சொல்லுக்கு இக்கடலில் மதிப்புக் குறையவில்லை.

இன்று ஒருவர் கொழும்பிலிருந்து வாகனத்தில் சுமார் 400 கிலோமீற்றர் ஓடி இக்கப்பலைப் பிடிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்திய இரவுக்கு அவர் பெரும்பாலும் யாழ்ப்பாண நகரின் விடுதி ஒன்றையே நாடுகிறார். காலையில் காங்கேசன்துறை வீதி வழியே ஏறக்குறைய 18 கிலோமீற்றர் ஓடி நேரே துறைமுக வாயிலில் இறங்குகிறார். போருக்குப் பின்னர் காங்கேசன்துறைக் கடற்கரையில் பெயர் பெற்ற தங்குமிடம் இராணுவம் நடத்திய 'தல்செவன' என்பது பலரும் அறிந்ததே. காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் மீண்டது. ஆனால் வலிகாமம் வடக்கின் காணிகள் எல்லாம் இன்னும் உரியவர் கைக்குத் திரும்பவில்லை.

கப்பல் சேவையின் வெற்றியை டிக்கெட் விற்பனையைக் கொண்டு அளப்பது நிர்வாகத்தின் வேலை. என் அளவுகோல் வேறு. ஊரைச் சேர்ந்த ஒருவர் தன் சொந்தக் காணியில், தன் பெயரில், நாலு அறை கட்டி வாடகைக்கு விட வேண்டும். நாகபட்டினம் செல்லும் குடும்பம் ஒன்று அங்கே இராச்சாப்பாடு உண்டு, கீரிமலையில் ஒரு முழுக்கும் போட்டு, அடுத்த நாள் கப்பல் ஏற வேண்டும். பிரயாணியின் காசு அந்த ஊர் மளிகைக் கடைக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் மீன்காரருக்கும் போய்ச் சேர வேண்டும். இதற்கு இன்னொரு கப்பல் தேவையில்லை. இறங்குதுறை அளவுக்கு, அதைச் சுற்றியுள்ள காணி உறுதிகளும் அரசாங்கத்தின் கவனத்தைப் பெற்றால் போதும்.