பெரியகடை: ஒரு நடுச்சுவரின் வரலாறு

1

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ச் சங்கத்தினர் ஆண்டுமலர் ஒன்று வெளியிட்டார்கள். "சேர், நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனீங்கள். பெரியகடையைப் பற்றியும் உங்கட குடும்பத்தின்ர பூர்வீகத்தைப் பற்றியும் நாலு பக்கம் எழுதித் தாருங்கோ. இங்க பிறந்த பிள்ளையளுக்கு வேர் தெரிய வேணும்" என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். புங்குடுதீவிலிருந்து 13 வயதில் கடைப் பையனாகப் பெரியகடைக்கு வந்த அப்பப்பா, அவர் பின்னர் சொந்தமாகத் திறந்த பலசரக்குக் கடை, வாழையிலையில் சுற்றிய வெற்றிலை, புகையிலைச் சிப்பங்களின் மணம், மத்தியானம் கேட்கும் பஸ் நிலையத்து இரைச்சல் எல்லாம் அதில் இருந்தன. பலர் பாராட்டினார்கள். கண்ணீர் வந்தது என்றும் ஒருவர் சொன்னார்.

அக்கட்டுரையில் நான் ஒன்றை மறைத்திருந்தேன். இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நான் இப்போது உணவு பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்க்கிறேன். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளனாக இருந்தேன் என்பது அங்கே ஓரிரு தமிழருக்கு மட்டுமே தெரியும். அவர்கள் "சேர்" என்று கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள். மலர் வந்த சில கிழமைகளில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் எங்கள் வரிசைக்கு வேலைக்கு வந்தான். தமிழ் பேசினான். எந்த ஊர் என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணம், சேர். சோனகர் தெரு."

"எந்த வருசம் வெளிக்கிட்டனீங்கள்?"

"நான் அங்க பிறக்கேல்ல. புத்தளத்தில, முகாமில பிறந்தனான். வாப்பா, உம்மா எல்லாரும் யாழ்ப்பாணம்தான். பெரியகடையில எங்கட வாப்பாக்கு இரும்புக்கடை இருந்ததாம். நீங்க கண்டிருப்பீங்களோ?"

பெரியகடையில் இரும்புக்கடைகள் பல இருந்தன. அவனது தகப்பனாரின் கடையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் வேறொரு இரும்புக்கடையை எனக்கு மிக நன்றாகத் தெரியும். எங்கள் கடைக்கும் அதற்கும் இடையில் ஒரே சுவர்.

2

யாழ்ப்பாண நகரம் நாம் பெருமையாகச் சொல்லுமளவுக்குப் பழைமையானதல்ல. அரசிருக்கையும் சந்தையும் நல்லூரில் இருந்தன. முத்திரைச்சந்தி என்ற பெயர் அதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. 1619இல் இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின்னரே நிர்வாகம் கடலோரம் நகர்ந்தது. கோட்டை எழுந்தது; கோட்டையை அண்டிச் சந்தை வளர்ந்தது. ஆக, பெரியகடை தொடக்கத்திலிருந்தே வந்தேறிகளின் இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்த செட்டிமார், காயல்பட்டினம் கீழக்கரைத் தொடர்புடைய சோனகர், கன்னாதிட்டியில் பட்டறை வைத்த பொற்கொல்லர், தீவுப்பகுதியிலிருந்து தோணியில் வந்த எங்களைப் போன்றவர்கள் என எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்களே. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்த வைத்திலிங்கச் செட்டியாரும் வணிகக் குடும்பத்தவர்தான். சந்தையில் நின்று பூர்வீகம் தேடுபவன் கடைசியில் ஒரு துறைமுகத்தில்தான் போய் நிற்பான்.

சோனகர் இந்நகரில் ஓரமாக ஒதுங்கி வாழ்ந்தவர்கள் அல்லர். இரும்புச் சாமான், துணி, தையல், லொறிப் போக்குவரத்து எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது. 1950களில் தமிழர் பெரும்பான்மையாக இருந்த யாழ்ப்பாண மாநகரசபை எம். எம். சுல்தானை முதல்வராகக் கண்டது. இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதலாவது முஸ்லிம் என்று அறியப்படும் ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். யாழ்ப்பாணக் கல்வியின் பெருமையைப் பாடும் நம் மலர்களில் இப்பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் நூலகம் எரிந்ததை நாம் அனைவரும் அறிவோம். அப்போது நகரின் கடைகளும் எரிந்தன. எங்கள் கடையின் முன்பக்கமும் எரிந்தது. மிஞ்சிய சாக்குகளைப் பக்கத்துக் கடை நானா தன் பின்னறையில் மூன்று மாதம் வைத்திருந்தார். வாடகை பேச அப்பப்பா போனபோது, "முதலாளி, சுவர் எரியேல்லத்தானே, பிறகென்ன" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை மலரில் எழுதியிருந்தேன். இதுபோன்ற கதைகளை எழுதுவது நமக்குச் சுலபம்.

3

எழுதாததை இனிச் சொல்கிறேன்.

1990 செப்ரெம்பர் 26இல் இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறியது. முற்றுகைக் காலத்துக் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி பாழாகிக் கிடந்தது. ஒரு மாதம் கழிந்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்தில் கூட்டி, கையிலும் காதிலும் இருந்ததை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அந்த ஒக்டோபரில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 70,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களில் ஒதுங்கினர்.

எனக்கு அப்போது இருபது வயது. சைக்கிளில் கஸ்தூரியார் வீதியால் வந்துகொண்டிருந்தேன். சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்களில் நானாவைக் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். நான் சைக்கிளை மற்ற ஒழுங்கைக்குள் திருப்பினேன். பயம் என்று சொல்லலாம். பயம் இருந்தது உண்மை. ஆனால் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் திரும்பியது அவர் ஏதாவது கேட்டுவிடுவார் என்பதற்காக.

1991இல் அப்பா கடையைத் திருத்தத் தொடங்கினார். பக்கத்துக் கடையை உரிய இடத்தில் அனுமதி பெற்று, மாதம் ஒரு தொகை கட்டி எடுத்துக்கொண்டார். நாங்கள் எடுக்காவிட்டால் வேறு யாரோ எடுப்பார்கள் என்றார். பிறகு நடுச்சுவர் தேவையில்லை என்று இடிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையால் சீமெந்தும் கல்லும் கிடைக்காத காலம் அது. இடித்த சுவரின் கற்களை வண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டுக் கிணற்றுக் கட்டை அப்பா திருத்தினார். அந்தக் கட்டில் நின்றுதான் நான் பல்கலைக்கழகத்துக்குக் குளித்துப் போனேன்.

1995இல் நாங்களும் பாதித் தண்ணீரும் பாதிச் சேறுமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு ஓடினோம். வலிகாமத்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் நகர்ந்த அந்த நாளும் ஒக்டோபர் 30. திகதியின் ஒற்றுமையை அன்று நான் கவனிக்கவில்லை. பின்னர் பத்து வருடத்துக்கு மேல் வரலாறு கற்பித்தபோதும் அதைச் சொன்னதில்லை.

4

நான் இருக்கும் கோலியர்ஸ் வுட்டில், வான்டில் ஆற்றோரம், மேர்ட்டன் அபே மில்ஸ் என்று ஒரு சிறு சந்தை இருக்கிறது. துணி அச்சடித்த பழைய ஆலைக் கட்டடங்களில் 1989இல் கைவினைச் சந்தை தொடங்கினார்கள். வேலை முடிந்து வரும் சில காலைகளில், நித்திரை வராவிட்டால், அங்கே போய் நீர்ச்சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 1881இல் வில்லியம் மொரிஸ் இந்த ஆற்றங்கரையில்தான் தன் பட்டறையை அமைத்தார். அதற்கும் முன்னர் இவ்விடத்தில் 1117இலிருந்து ஒரு துறவிமடம் இருந்தது. தோமஸ் பெக்கற் இளமையில் படித்தது இங்கேதான். 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. கற்கள் வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சில மைல் தூரத்தில் எழும்பிக்கொண்டிருந்த நொன்சச் அரண்மனைக்குப் போயின. அந்த அரண்மனையும் 17ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. 1959இல் அதன் அத்திவாரத்தை அகழ்ந்தபோது மேர்ட்டன் மடத்தின் செதுக்கிய கற்கள் உள்ளே இருந்தன. மடத்தின் மிச்சத்தை இன்று பெருவீதிக்கு அடியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இவ்விடத்தின் வரலாற்றில் ஆங்கிலேயர் இதை மறைப்பதில்லை. யார் இடித்தது, கல் எங்கே போனது என்று எழுதுகிறார்கள். அவர்கள் பெரிய நீதிமான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் அவர்கள் எடுத்துக்கொண்டவை பற்றி இத்தனை தெளிவாக எழுதிவைத்த பலகை எதையும் நான் காணவில்லை. தன் வீட்டுக்குள் நடந்த பழைய களவைச் சொல்வது அவர்களுக்கும் சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் கல்லின் கதையைச் சொல்ல நமக்கும் தெரியும். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்ததையும் அதன் கற்கள் கோட்டைக்குப் போயின என்பதையும் தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. நானூறு வருடமாக அந்தக் கற்களை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாண வைபவமாலையில் இன்னொரு செய்தியும் உண்டு. நல்லூருக்கருகே குடியிருந்த சோனகரை எழுப்புவதற்காக அவர்களது கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போட்டார்கள் என்பது. அது நடந்த வரலாறா, கதையா என்று ஆய்வாளர் வாதிக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நமது நூலொன்று இதை ஒரு தந்திரமாகப் பதிந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். இந்நூலை நான் மாணவருக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிப் போவேன்.

5

இதற்கு என்ன பதில்கள் வரும் என்று எனக்குத் தெரியும். நானே எனக்குச் சொல்லிக்கொண்டவைதான் அவை.

முதலாவது: அது ஓர் இயக்கத்தின் முடிவு, மக்களைக் கேட்டுச் செய்யவில்லை. உண்மை. உத்தரவிட்டவர்கள் நாங்கள் அல்ல. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே அது தவறென்று ஒத்துக்கொண்டார். ஆனால் சுவரை இடிக்கச் சொல்லி எவரும் எங்களுக்கு உத்தரவிடவில்லை. வெளியேற்றம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அதிலிருந்து பலனடைவது பல வருடம் நீடித்தது. இரண்டாவதற்கு நாமே பொறுப்பு.

இரண்டாவது: கிழக்கில் ஊர்காவற்படையினர் தமிழரைக் கொல்லவில்லையா? கொன்றார்கள். அதே 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். கிழக்கின் இரத்தக் கணக்கு நீண்டது, இரு பக்கமும் கொண்டது. அதைப் பெரியகடையில் ஆணியும் பூட்டும் விற்ற ஒரு மனிதரின் பெயரில் எழுதுவது எந்தக் கணக்கு?

மூன்றாவது: இப்போது இதைப் பேசுவது எதிரிக்கு உதவும். 1990இலும் இதுவே சொல்லப்பட்டது, 2002இலும் சொல்லப்பட்டது, 2009க்குப் பிறகும் சொல்லப்படுகிறது. பேசத் தகுந்த காலம் எது என்று எவரும் இதுவரை சொன்னதில்லை. நமக்கு நடந்ததை உலகம் இனப்படுகொலை என்று ஏற்கவேண்டும் எனக் கேட்டு இந்நகரத்து வீதிகளில் நடக்கும் நாம், நம் நகரத்திலிருந்து ஒரு சமூகம் முழுதாகத் துடைக்கப்பட்டதற்கு ஒரு சொல் கண்டுபிடிக்க முடியாதவர்களாக இருக்கிறோம்.

2009க்குப் பின் சில குடும்பங்கள் திரும்பியுள்ளன. பலர் திரும்பவில்லை, முப்பது வருடத்தில் பிள்ளைகள் புத்தளத்தவராகிவிட்டார்கள். கைமாறிய கடைகள், தொலைந்த உறுதிகள், இறந்துபோன சாட்சிகள் என்று சட்டத்தின் வழி சிக்கலானது. அதை நான் தீர்க்க முடியாது. ஒரு வரலாற்று மாணவனாக எனக்கு இயலுவது ஒன்றுதான். குடும்ப வரலாறு எழுதும் புகலிடத் தமிழர் தங்கள் கடையின் நான்கு சுவரையும் எழுதட்டும். பக்கத்தில் யார் இருந்தார், எப்போது இல்லாமற் போனார், அந்த இடம் பிறகு யாரிடம் வந்தது என்று எழுதட்டும். நம்மிடம் பழைய கணக்குக் கொப்பிகள் உண்டு, ஞாபகமுள்ள முதியவர்கள் இன்னும் ஓரளவு உண்டு. அவர்கள் போனபின் பெரியகடை முழுவதும் ஆதியிலிருந்தே நம்முடையதாக இருந்தது என்று நம் பேரப்பிள்ளைகள் உண்மையாகவே நம்புவார்கள். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம்கூட அவர்களுக்கு இராது.

தொழிற்சாலையில் அந்தப் பொடியனிடம் சில வாரங்களுக்கு முன் இடைவேளையில் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றுக் கட்டு வரை சொன்னேன். அவன் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "அந்த நானாட பேர் என்ன சேர்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் அடுத்த கதவில் இருந்தவரை நாங்கள் நானா என்று மட்டுமே கூப்பிட்டோம். கடைப் பலகையில் இருந்தது அவரது வாப்பாவின் பெயர். அதுவும் பாதிதான் ஞாபகம். "வாப்பாட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றான்.

இரண்டு நாள் கழித்துப் புத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்து, நான் சொன்ன அடையாளங்களை வைத்து விசாரித்து, பெயரோடு வந்தான். நானா 2004இல் புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். மகள் இருக்கிறார். அவருக்கு நான் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் முதற் பக்கத்தைத் தாண்டவில்லை. மலருக்கு நாலு பக்கம் ஒரே இரவில் எழுதியவன் நான்.