வக்கீலும் அமீனாவும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ள அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊராகும். அவனுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு தருகிறது. இவ்வாறு ஒருவர் சார்பில் சென்று பேசுவோரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட மைசூர் அரசு ‘வக்கீல்’ என்று அழைத்தது.

அன்று அச்சொல் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. ஓர் அரசர் மற்றோர் அரசரிடம் அனுப்பும் பிரதிநிதியும் வக்கீலே. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டபோது, காரன்வாலிஸின் பாசறைக்குத் திப்பு சுல்தான் அனுப்பிய குலாம் அலீ கானும் அலீ ரஸா கானும் வக்கீல்கள் என்றே குறிக்கப்பெறுகின்றனர். அவ்வாண்டு மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. அதியமான்கோட்டையும் உடன் கைமாறியது. ரீடும் மன்றோவும் இங்குத் தீர்வை முறையைப் புதிதாக வகுத்தனர். ஆனால் தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி என்னும் சொற்கள் நிலைத்துவிட்டன. 1793இல் வங்காளத்தில் கும்பினியார் வக்கீல்களுக்கென ஒழுங்குவிதி இயற்றினர். காலப்போக்கில் அச்சொல் நீதிமன்ற வளாகத்துக்குள் ஒடுங்கியது.

அரபியில் இதன் வேர்ப்பொருள் ஒப்படைத்தல் என்பதாம். ‘அல்வகீல்’ இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. ஃபிக்ஹு நூல்களில் ‘வகாலா’ தனிப் பாடமாகவே அமைந்துள்ளது. வகீலின் கை அமானிதக் கை. தம்மிடம் விற்கக் கொடுத்த பொருளை அவர் தமக்கே விற்றுக்கொள்ளலாகாது என்பது ஷாஃபிஈ சட்டம். வழக்காடுவதற்கு வகீலை நியமிப்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இன்னும் கண்டிப்பானவர். நோய், பயணம் போன்ற தடையில்லாதபோது, எதிர்த்தரப்பார் இசைந்தாலன்றி அந்நியமனம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றார். வாதத்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், நாவன்மை மிக்க ஒருவரை எதிரில் நிறுத்துவது மற்றவருக்குச் சுமையாகும் அன்றோ! அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) இதற்கு உடன்படவில்லை. உலகம் அவ்விருவர் வழியிலேயே சென்றுவிட்டது.

தமிழர் பேச்சில் இச்சொற்கள் எய்திய கதி வியப்புக்குரியது. ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்றால் வேண்டாத பரிந்துரை என்று பொருள். ஆயினும் ‘வாங்குதல்’ என்ற வினை நுட்பமானது. ஒப்படைப்பவர் கொடுக்க, ஏற்பவர் பெறுகிறார் என்னும் ஒப்பந்த வடிவம் அதில் சிதையாமல் நிற்கிறது. ‘வாய்தா’ என்பது ‘வஃதா’, வாக்குறுதி. இன்றோ வழக்கைத் தள்ளிப்போடுவதற்கு அதுவே பெயர். வாயால் மட்டும் தருவதால் வாய்தா என்று வேடிக்கையாகப் பிரித்துக் காட்டுவாரும் உண்டு! வக்கீலை நாடி வருபவருக்கு உருதுவில் ‘முவக்கில்’, ஒப்படைத்தவர், என்று பெயர். தமிழ் அவரைக் ‘கட்சிக்காரர்’ ஆக்கிற்று. ஒப்படைப்பு மறைந்து, பக்கம் மட்டும் எஞ்சியது.

எல்லாவற்றினும் என்னை வருத்துவது ‘அமீனா’. மக்கா மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ‘அல்அமீன்’, நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தனர். நம் ஊர்களிலோ அமீனா வருகிறார் என்றால் ஜப்தி வருகிறது என்று பொருள். வீட்டார் பாத்திரங்களை ஒளித்து வைப்பர்.

1961ஆம் ஆண்டின் சட்டம் பலவகையினராக இருந்த வாதிடுவோரை ஒரே வகுப்பாக்க வழிசெய்தது. ‘வழக்கறிஞர்’ என்னும் தமிழ்ச் சொல்லும் பெருவழக்காயிற்று. அது நல்ல சொல்லே. ஆயினும் அது அவருடைய அறிவைச் சொல்கிறது. யாருக்காக நிற்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வகாலா பாடத்தைத் தொடங்கிய நாளில், வகீல் யார் என்று மாணவர்களைக் கேட்டேன். ‘கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்’ என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. நிகாஹ் சபையில் மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வருபவருக்கும் அதே பெயர்தானே என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, ‘அவர் ஃபீஸ் வாங்குவதில்லையே, உஸ்தாத்’ என்றான்.