ஓம் கண்ட மின்விதி

மின்னழுத்தம் 230 வோல்ட், மின்னோட்டம் 5 ஆம்பியர் எனில் தடை யாது, திறன் யாது என்று பௌதிக ஆசிரியர் வினவினால், விடை கூற மாணவருக்கு அரை நிமிடம் போதும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை 46 ஓம். பெருக்கினால் திறன் 1,150 வாட். இந்த எளிய கணக்கிற்குப் பின்னே ஒரு பள்ளி ஆசிரியரின் பொறுமையும் துன்பமும் இருக்கின்றன. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. ஆயினும் தாமே முயன்று கணிதம் கற்று, தம் மக்களுக்கும் கற்பித்தவர். 1817-இல் ஓம் கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். மூன்று ஆண்டுகளில் டென்மார்க்கிலிருந்து ஒரு புதுச் செய்தி வந்தது. மின்னோட்டம் செல்லும் கம்பி அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்புகிறது என்று ஏர்ஸ்டெட் கண்டறிந்திருந்தார். ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கொண்டு ஓட்டத்தை அளக்கலாம் அல்லவா? கம்பி நீள நீள ஓட்டம் எந்தக் கணக்கில் குறைகிறது என்று ஆராயத் தொடங்கினார் ஓம்.

முதலில் அவர் பயன்படுத்தியது வோல்ட்டாவின் மின்கலம். கம்பியை இணைத்த கணமே அதன் ஆற்றல் தளரத் தொடங்கும். இன்று கண்ட அளவு நாளை வாராது. அந்த நிலையற்ற அளவுகளைக் கொண்டு 1825-இல் அவர் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்; அது பிழையாயிற்று. அப்போது விஞ்ஞான இதழாசிரியர் பொக்கெண்டார்ஃப் நல்லதொரு யோசனை கூறினார். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் எழும் என்று 1821-இல் ஸீபெக் கண்டிருந்தார். அம்முறையைக் கைக்கொள்ளலாம் என்பதே அந்த யோசனை.

ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிநீரின் வெப்பத்திலும், மற்றதைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்தார். கொதிக்கும் நீரின் வெப்பநிலையும் உருகும் பனியின் வெப்பநிலையும் மாறுவதில்லை. ஆகவே, அவ்வேறுபாட்டால் எழும் மின்னழுத்தமும் மாறவில்லை. அவர் தேடிய நிலைத்த ஊற்று கிடைத்துவிட்டது.

1826 ஜனவரியில், ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து அளந்தார். மிகக் குட்டையானது 2 அங்குலம். மிக நீண்டது 130 அங்குலம். திரும்பிய ஊசியை மீண்டும் தன் நிலைக்குக் கொணர, அதைத் தாங்கும் இழையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதே ஓட்டத்தின் அளவு. குட்டைக் கம்பிக்கு 326¾ வந்தது. நீண்ட கம்பிக்கு 48½. நீளம் 65 மடங்கு. ஓட்டமோ ஏழில் ஒரு பங்காகக்கூடக் குறையவில்லை! இதன் காரணம் என்ன?

கருவியின் ஏனைய பகுதிகளுக்கும் தடை உண்டு என்று ஓம் உணர்ந்தார். அத்தடை 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் என்று கணக்கிட்டார். இதை இரு நீளங்களோடும் கூட்டிப் பாருங்கள்: 22¼, 150¼. இரண்டாவது முதலாவதைப்போல் 6¾ மடங்கு. 326¾-ஐ 48½-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ அதே எண் வருகிறது. சுற்றின் மொத்தத் தடை எவ்வளவு பெருகுகிறதோ, அவ்வளவு ஓட்டம் குறைகிறது. இதுவே ஓம் விதி.

1827-இல் இவ்விதியைக் கணித முறையில் விளக்கும் நூலை ஓம் பெர்லினில் வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று நம்பினார், கிடைத்தது புறக்கணிப்பே. கணித வடிவம் பலருக்கு விளங்கவில்லை. சிலர் கடிந்து எழுதினர். மனமுடைந்த ஓம் 1828-இல் கொலோன் வேலையையும் துறந்தார். 1833-இல்தான் நூரம்பர்க்கில் தக்க வேலை அமைந்தது. 1841-இல் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்துப் பாராட்டியது. மூனிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிட்டியது 1852-இல். ஈராண்டில் அவர் மறைந்தார்.

இனித் திறனைப் பார்ப்போம். இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த ஸால்ஃபோர்டில், மது வடிக்கும் ஆலை உரிமையாளரின் மகன் ஜேம்ஸ் ஜூல். கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, ஓட்டம் செல்லும்போது நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று 1840-இல் அளந்தார். வெப்பம் தடைக்கு ஏற்பவும், ஓட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவும் பெருகக் கண்டார். நம் கணக்கில் 5-இன் வர்க்கம் 25. அதை 46-ஆல் பெருக்குங்கள். அதே 1,150 வாட்! இருவர் கண்ட உண்மைகள் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

ஓர் எச்சரிக்கை. வெப்பநிலை மாறாதிருந்தால்தான் கம்பியின் தடையும் மாறாதிருக்கும். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் இழை விளக்கின் தடை ஏறத்தாழ 880 ஓம். அணைந்து குளிர்ந்தபின் அளந்தால் பத்தில் ஒரு பங்களவே இருக்கும். சூத்திரம் பொய்க்கவில்லை, நிலை மாறிவிட்டது.

1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றது. மாணவ நண்பர்களே, அப்பெயரை எழுதும்போதெல்லாம் கொதிநீரையும் பனிக்கட்டியையும் நினையுங்கள். மாறுவதை அளக்க விரும்புவோர், முதலில் மாறாத ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.