ஒரு பட்டணத்தைப் புதைத்த மண்

சிலாங்கூர் மாநிலத்தில் கோல குபு பாரு என்று ஓர் ஊர் உண்டு. 'பாரு' என்றால் புதியது. அப்படியானால் பழைய கோல குபு என்னவாயிற்று?

சிலாங்கூர் ஆற்றங்கரையில் ஈயத்தால் வளர்ந்த பட்டணம் அது. 1883-ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்தது. வெள்ளத்தில் மாண்டவர்களுள் மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் ஒருவர். அந்த இடத்தை இன்றும் 'அம்பாங் பெச்சா', அதாவது உடைந்த அணை, என்றே அழைக்கிறார்கள்.

பட்டணம் மீண்டும் எழுந்தது. ஆனால், இரண்டாவது அழிவு மெதுவாக வந்தது. ஆற்றின் மேற்புறத்தில் ஈயத்துக்காகக் காட்டை அழித்து நிலத்தைக் கிளறினார்கள். பிடித்து வைக்க வேரில்லாத மண், மழைதோறும் ஆற்றில் இறங்கியது. ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் புகுந்தது. தெருவெல்லாம் மண் ஏறியது. முடிவில், 1930-ஆம் ஆண்டையொட்டி, மேட்டு நிலத்தில் புதிய ஊரை அமைத்து மக்கள் குடியேறினார்கள்.

தோட்டங்களும் இதே பாடத்தைப் படித்தன. பால்மரம் நட்ட தொடக்க காலத்தில், புல் பூண்டு இல்லாத வெறுந்தரையே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார்கள் எண்ணினார்கள். அந்தப் புல்லை வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்தாம். மேல்மண் கரைந்து ஓடுவதைக் கண்ட பிறகே மூடுபயிர்க் கொடிகளைப் படரவிட்டார்கள்.

ஆற்றங்கரை மரமும் புதரும் நமக்கு என்ன செய்கின்றன? வேர்கள் கரையை இறுகப் பிடிக்கின்றன. தோட்டத்திலிருந்து மழைநீர் அடித்து வரும் மண்ணையும் உரத்தையும் புதர்கள் தடுத்து நிறுத்துகின்றன. நிழல் நீரைக் குளிர்விக்கிறது. உதிரும் இலையும் பூச்சியும் மீனுக்கு இரையாகின்றன.

அதே ஆறு கோல சிலாங்கூரை நெருங்கும்போது, பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்கின்றன. அவற்றைக் காட்டிப் படகோட்டிகள் பிழைக்கிறார்கள். கரை மரம் போனால் மின்மினி போகும். படகோட்டியின் பிழைப்பும் போகும். மாநில அரசு 2009-ஆம் ஆண்டில் அக்கரைப் பகுதியைப் பாதுகாப்பு இடமாக அறிவித்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போன நம் பிள்ளைகள் குழாயைத் திறந்தால், வருவது பெரும்பாலும் இந்தத் தண்ணீரே.

ஆகவே, ஆற்றோரத்தில் மரவள்ளி நட இடம் தேடும்போது, கரையை ஒட்டிய புதரை அப்படியே விட்டுவிடுவோம். நாம் விடும் அந்தப் புதர், கீழே உள்ள ஊரைக் காக்கும்.