பிரிக் லேன் மண்டபம்: ஒரு கூரையின்கீழ் மூன்று சீர்திருத்தச் சபைகள்

இலண்டன் பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் கூடும் முனையில் 1743இல் எழுந்த கட்டடத்தைத் தேவாலயம், யூத ஜெப ஆலயம், 1976 முதல் பள்ளிவாசல் என மும்மத வரிசையாகவே ஆய்வாளர் பலர் எழுதிச் செல்கின்றனர். 'தேவாலயம்' என்னும் ஒற்றைச் சொல் அங்கு மூன்று வேறுபட்ட புராட்டஸ்டன்ட் அமைப்புகளை மறைத்துவிடுகிறது.

கட்டியோர் ஹியூகனாட்டுகள், நாந்து ஆணையைப் பதினான்காம் லூயி 1685இல் நீக்கியபின் அடைக்கலம் தேடிவந்த பிரெஞ்சுக் கால்வினியரின் மரபினர். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவு அவர்தம் வாழ்வாதாரம். பிரெஞ்சு வழிபாடே இச்சபையைத் தனித்து நிறுத்தியது எனலாம். பின்வந்த தலைமுறைகள் ஆங்கிலத்துக்கு மாற, அதன் தேவையும் சுருங்கிற்று. 1809இல் யூதரைக் கிறித்தவராக்க அவ்வாண்டே தோன்றிய இலண்டன் சங்கத்திடம் மண்டபம் சென்றது. 1819இல் மெதடிஸ்டுகள் வந்தனர். ஏறத்தாழ எண்பதாண்டு தங்கினர்.

கைமாற்றத்தை எளிதாக்கியது கட்டட அமைப்பே என்பது என் கருத்து. உருவங்களற்ற செங்கல் மண்டபம் அது. பிரசங்கம் கேட்பதற்கென்றே அமைந்தது. முன்குறித்தல் கோட்பாட்டில் கால்வினியரும் வெஸ்லியரும் கடுமையாக முரண்பட்டனர். சுவர்களில் அதற்குச் சுவடில்லை.

யூதரை மதம் மாற்ற எடுக்கப்பட்ட அதே மண்டபம் 1898இல் மக்சிக்கே ஹதாத் என்னும் வைதிக யூதர்களின் ஜெப ஆலயமாயிற்று.