கம்பெனிக் கையெழுத்து கம்ப்யூட்டருக்கு மாறிய கதை

தொண்டாமுத்தூர் என்றால் பாக்கும் தென்னையும் வாழையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தப் பக்கமும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறவர்கள் உண்டு. 2006-க்கு முன்னால் அப்படி ஒருவர் வருடா வருடம் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்குக் காகிதக் கட்டு ஒன்று கொடுத்தாக வேண்டும். பேலன்ஸ் ஷீட், ஆண்டு விவர அறிக்கை, டைரக்டர் மாறினால் படிவம் 32, ஆபீஸ் முகவரி மாறினால் படிவம் 18... எல்லாவற்றிலும் பேனாக் கையெழுத்து. தமிழ்நாட்டில் இந்த அலுவலகம் இருந்தது சென்னை, கோவை இரண்டே ஊரில். சேலம், தர்மபுரி, நீலகிரிக்காரர்களுக்கும் கோவைதான். அந்த வகையில் தொண்டாமுத்தூர்க்காரர் கொடுத்து வைத்தவர், டவுன் பஸ்ஸே போதும்!

இந்தக் காகிதத்தை ஒழிக்க மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் கொண்டு வந்த திட்டம்தான் எம்சிஏ 21. டிசிஎஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. நாட்டிலேயே முதன்முதலாக இதைச் சோதித்துப் பார்த்த இடம் எது தெரியுமா? டெல்லி, மும்பை எல்லாம் இல்லை. நம்ம கோவை! 2006 பிப்ரவரியில் இங்கே தொடங்கி, அதற்குப் பிறகுதான் மார்ச் 18 அன்று டெல்லியில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். செப்டம்பர் முதல் நாடு முழுக்க மின் தாக்கல் கட்டாயம் ஆனது. மில்லையும் மோட்டார் பம்பையும் பற்றிப் பெருமை பேசும் ஊரில் இதைச் சொல்பவர்கள் குறைவு.

காகிதம் போனால் கையெழுத்து எங்கே போடுவது? அதற்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கெனவே வழி செய்து வைத்திருந்தது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2000 அக்டோபர் 17. டிஜிட்டல் கையெழுத்து என்றால் பேனாக் கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. ஒருவருக்கு இரண்டு சாவிகள் தரப்படும். ஒன்று ரகசியச் சாவி, மற்றது ஊருக்கே காட்டக்கூடிய பொதுச் சாவி. ஆவணம் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு ஒரு சின்ன எண்ணாகச் சுருக்குவார்கள். அந்த எண்ணை ரகசியச் சாவியால் பூட்டினால் அதுதான் கையெழுத்து. பொதுச் சாவியால் யாரும் திறந்து சரி பார்க்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் ஒரே ஒரு சைபரைக் கூட்டினாலும் எண் மாறிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும். (ஆனால் கையெழுத்து யாருடையது என்பதைத்தான் இது சொல்லும், கணக்கு உண்மையா என்று சொல்லாது. 2009 ஜனவரியில் சத்யம் விவகாரம் வெடித்தபோது அந்த வித்தியாசம் எல்லோருக்கும் புரிந்தது.)

சரி, இந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு யார் ஜாமீன்? அதற்குத்தான் சான்றிதழ். அதைத் தருகிறவர்களுக்குப் பெயர் சான்றளிக்கும் அதிகாரி, சுருக்கமாக சிஏ. வணிகவியல் மாணவர்கள் குழம்ப வேண்டாம், ஆடிட்டர் சிஏ வேறு, இந்த சிஏ வேறு! இந்தியாவில் முதல் உரிமம் 2002 பிப்ரவரியில் சத்யம் இன்ஃபோவே குழுமத்தின் சேஃப்ஸ்கிரிப்ட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. தாய் நிறுவனம் சென்னைக்காரர். உரிமம் தருகிற மத்திய அரசின் கட்டுப்பாட்டாளர் தன் மூலச் சான்றிதழால் சிஏக்களுக்குச் சான்று தருகிறார், சிஏக்கள் டைரக்டருக்குத் தருகிறார்கள். ஆக இது ஒரு சங்கிலி.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கிடைக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் மக்கர் செய்யும். கையெழுத்திட்ட பிடிஎஃப்பைத் திறந்தால் மஞ்சள் நிறக் கேள்விக்குறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கையெழுத்து பொய் என்று அர்த்தம் இல்லை. இந்தியாவின் மூலச் சான்றிதழை அந்த மென்பொருளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை, பழைய கம்ப்யூட்டரில் பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போயிருக்கும். நேற்று வாங்கிய சான்றிதழைப் பார்த்து 'இது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று சொல்லும்! கடவு எண்ணைப் பல தடவை தப்பாக அடித்து டோக்கன் பூட்டிக்கொள்வது தனிக் கதை.

இந்தச் சரிபார்ப்பை எல்லா மென்பொருளும் முதலிலிருந்து எழுதிக்கொள்வதில்லை. ஆயத்தமாக லைப்ரரிகள் இருக்கின்றன. அதில் பெரிய பெயர் ஓப்பன்எஸ்எஸ்எல். எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இரண்டு பேர் 1995 வாக்கில் எழுதிய எஸ்எஸ்எல்ஈ என்ற நிரலை வைத்து 1998 டிசம்பரில் பிறந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சங்கிலி அறுந்தால் இதுவும் 'வழங்கியவரின் சான்றிதழ் இங்கே கிடைக்கவில்லை' என்கிற மாதிரி ஒரு பிழைச் செய்தி காட்டும். இடையில் உள்ள சிஏவின் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவசரத்தில் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டு 'வேலை செய்கிறது' என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அது காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடையைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

2014 இந்தத் துறைக்குப் போதாத வருடம். ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியானது. 2012 மார்ச் முதல் வந்த பதிப்புகளில் இருந்த ஒரு சின்னத் தவறால் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கேபி, 64 கேபியாக யாரும் உருவலாம், ரகசியச் சாவி உள்பட!

அதற்கு மூன்று மாதம் கழித்து இந்தியாவின் முறை. ஜூலை 2 அன்று கூகுளின் பெயருக்குப் போலிச் சான்றிதழ்கள் உலவுவதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றைக் கொடுத்தது என்ஐசி எனப்படும் தேசியத் தகவல் மையத்தின் சிஏ பிரிவு. கட்டுப்பாட்டாளர் மறுநாளே என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் நடைமுறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், நான்குதான் தவறாகப் போனது என்று விளக்கம் வந்தது. வேறு சிலவும் தெரியவந்திருப்பதாக கூகுள் சொன்னது. கடைசியில் குரோம் உலாவி இந்திய மூலச் சான்றிதழை கவ்.இன், என்ஐசி.இன் போன்ற ஏழே டொமைன்களுக்குள் அடக்கிவிட்டது. ஃபயர்பாக்ஸுக்குப் பாதிப்பே இல்லை. அதன் பட்டியலில் இந்தியாவின் மூலச் சான்றிதழ் முதலிலேயே கிடையாது!

கவனித்துப் பாருங்கள், இங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. சான்று வழங்கும் இடத்தில்தான் கோட்டை விட்டார்கள்.

கிட்டத்தட்ட அதே கதைதான் சின்ன அளவில் நம் ஊர்களிலும் நடக்கிறது. ரகசியச் சாவி யுஎஸ்பி டோக்கனை விட்டு வெளியே வராதபடி அமைத்திருக்கிறார்கள். சாவியைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டியது உரியவரின் பொறுப்பு என்று சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் டைரக்டருக்குத் தோட்டத்தில் வேலை, மார்க்கெட்டில் வேலை. 'நீங்களே வெச்சுக்கோங்க சார்' என்று டோக்கனை ஆடிட்டர் ஆபீஸிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவார். நாளைக்குத் தெரியாத ஒரு படிவத்தில் அந்தக் கையெழுத்து விழுந்தால், 'நான் போடவில்லை' என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அவர் தலையில்தான் விழும். அங்கே மேஜை டிராயரில் பத்துப் பதினைந்து டோக்கன்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. சீட்டின் பின்பக்கம் கடவு எண்.