சொல்லக் கூடாத சொல்

புயல் வரும் என்று எச்சரித்து, அது திசைமாறிப் போய்விட்டால், மறுநாள் காலை நடைப்பயிற்சியில் வானிலை மையத்தைக் கிண்டல் செய்வது நம் வழக்கம். சொன்னால் மக்கள் பீதியடைவார்களே என்று பயந்து, அமெரிக்காவில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமலே ஐம்பது ஆண்டுகள் ஓட்டினார்கள்.

டொர்னாடோ என்னும் சுழல்காற்று அங்கே அடிக்கடி வரும். இடிமேகத்திலிருந்து தும்பிக்கை போல இறங்கி, சில நிமிடங்களில் வீடுகளைப் பெயர்த்துவிடும். நம் புயலைப் போல நாலு நாள் முன்பே கடலில் தெரியாது. 1880களில் அந்நாட்டு வானிலைத் துறை, முன்னறிவிப்பில் 'டொர்னாடோ' என்ற சொல்லுக்கே தடை போட்டது. 1938-ல் தடை நீங்கியது, தயக்கம் நீங்கவில்லை.

1948 மார்ச் 20 இரவு, ஒக்லஹோமாவில் உள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னாடோ தாக்கியது. பல விமானங்கள் நொறுங்கின. அன்று பணியிலிருந்த வானிலை அதிகாரி கேப்டன் ராபர்ட் மில்லர் அதை எதிர்பார்க்கவே இல்லை. இதை முன்கூட்டியே சொல்ல வழி உண்டா என்று பார்க்கும்படி, அவருக்கும் மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷுக்கும் மேலதிகாரி உத்தரவிட்டார். பழைய டொர்னாடோ நாட்களின் வானிலை வரைபடங்களை இருவரும் எடுத்துவைத்து ஒப்பிட்டார்கள்.

மார்ச் 25 அன்று வரைபடம் அதே மாதிரி இருந்தது. ஐந்தே நாளில் அதே இடத்துக்கு மறுபடியும் வருமா? தயங்கித் தயங்கி, பிற்பகல் மூன்று மணி வாக்கில் எச்சரிக்கை எழுதினார்கள். விமானங்கள் கொட்டகைக்குள் போயின. ஆட்கள் பத்திரமான இடங்களுக்குப் போனார்கள். வேலை போய்விடும் என்ற கவலையோடு மில்லர் வீட்டுக்குக் கிளம்பினார். மாலை ஆறு மணிக்கு டொர்னாடோ வந்தேவிட்டது. பொருட்சேதம் உண்டு, உயிர்ச்சேதம் இல்லை.

1952 முதல் பொதுமக்களுக்கும் இந்த முன்னறிவிப்பு கிடைத்தது. 1973-ல் யூனியன் சிட்டி என்ற ஊரைத் தாக்கிய டொர்னாடோவை டாப்ளர் ரேடார் பதிவுசெய்தது. தரையைத் தொடும் முன்பே மேகத்துக்குள் சுழற்சி தொடங்கிவிடுகிறது என்று அதில் தெரிந்தது. இன்று அங்கே சராசரியாகச் சுமார் பத்து நிமிட அவகாசம் கிடைக்கிறது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குள் இறங்க அது போதும்.

நம் சென்னைத் துறைமுகத்திலும் 2002 முதல் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அடுத்த முறை புயல் வராமல் போனால், நமக்கு நஷ்டம் கூடுதலாக வாங்கிய மெழுகுவர்த்தியும் பால் பாக்கெட்டும்தான். அந்தக் கணக்கைச் சிரித்துக்கொண்டே நேர்செய்துவிடலாம்.